அமுலுவின் ரிசல்ட்

நீ போய்ச் சேர்ந்ததும் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். ரூம் நன்றாக இருக்கிறது. ஜன்னலில் வெயில் விழுகிறது, துணி சீக்கிரம் காயும். நீ கேட்ட போட்டோவை மட்டும் நான் இன்னும் அனுப்பவில்லை. ஹாலில் மாட்டியிருக்கிறதே, கழுத்தில் மாலையோடு கம்ப்யூட்டர் பக்கத்தில் நான் நிற்கிற போட்டோ. அதை ஆபீஸில் உன் மேஜைக்கு மேல் மாட்டப் போவதாகச் சொன்னாய். எங்கம்மாதான் இந்த வேலைக்கு என்னை இழுத்தவள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருப்பதாகவும் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து அந்தப் படத்தைச் சுவரிலிருந்து எடுப்பதும் திரும்ப மாட்டுவதுமாக இருக்கிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, எழுத்து கோணிக்கொண்டு போனால் பொறுத்துக்கொள்.

நீ கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது உன் போனை என் கையில் கொடுத்தாய். உங்கள் கம்பெனி செய்கிறதைக் காட்டினாய். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வாயால் கேட்டால் போதும், அது வாயாலேயே பதில் சொல்லும் என்றாய். நான் நெல் குலைநோய்க்கு மருந்து கேட்டேன், சொன்னது. விதவைச் சான்றிதழுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டேன், அதையும் சொன்னது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான், "தப்பா சொல்லிட்டா இன்னாடா பண்றது?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "நூத்துல ஒண்ணு ரெண்டு வரும்மா. அது இல்லாம எதுவும் கெடையாது" என்றாய். நான் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நான் எதற்கோ கோபித்துக்கொண்டேன் என்று நினைத்து நீ பின்னாலேயே வந்து கேட்டாய். கோபம் இல்லை. நீ சொன்ன அந்த ஒண்ணு யார் என்று எனக்குத் தெரியும், அதுதான். அவள் பெயர் அமுலு.

நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. பால் சொசைட்டியை ஒட்டினாற்போல் இருந்த அறையில்தான் தகவல் மையம் வைத்தார்கள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு யூ.பி.எஸ்., கூரை மேல் ஒரு ஆண்டெனா. ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்தது. மகளிர் குழுவில் பன்னிரண்டாவது முடித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னை உட்கார வைத்தார்கள். எலி எனக்குத் தெரியும், மவுஸ் தெரியாது. மூன்று வாரம் மீஞ்சூரில் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்த பிறகு எனக்கு ஊரில் நடக்கிற நடையே வேறாகிவிட்டது, உன் அப்பாவே சொல்லிச் சிரிப்பார். பட்டா, சிட்டா, சாதிச் சான்றிதழ் விண்ணப்பம், மழை வருமா வராதா, எல்லாவற்றுக்கும் ஜனங்கள் அந்த அறைக்கு வந்தார்கள். ஒரு தடவை நம் நிலத்துப் பக்கத்து நிலத்தில் நெல் பழுத்துச் சாகிறது என்று இலையைப் பறித்துக் கொண்டுவந்தார்கள். படம் எடுத்து அனுப்பினேன். மறுநாள் மருந்தின் பெயர் வந்தது, பயிர் பிழைத்தது. அதிலிருந்து ஊரில் ஏதாவது சண்டை வந்தால்கூட, "கம்பூட்டர்ல வந்துச்சா? அப்போ சரி" என்று முடித்துவிடுவார்கள். அந்த வார்த்தையைக் கேட்கிறபோதெல்லாம், அது என்னையே சொன்னதுபோல எனக்கு இருக்கும்.

அமுலு காலனிப் பெண். அப்பா இல்லை, அம்மா கன்னியம்மா மட்டும்தான். பத்தாவதில் கணக்கு போய்விட்டது. படிப்பை விட்டுவிட்டு கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பிஸ்கட் பாக்கெட் அடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கிருந்துகொண்டே தனித்தேர்வராகக் கணக்குப் பரீட்சையை மட்டும் திரும்ப எழுதினாள். விண்ணப்பம் போட்டுக் கொடுத்தது நான்தான். அன்றைக்கே சொன்னாள்: "யக்கா, இதுல பாஸானா நர்ஸு வேலைக்குப் படிக்க வெக்கிறேன்னு அம்மா சொல்லிக்கீது. இல்லாட்டி மாமனைக் கட்டிக்கினு தடாவுக்குப் போவணும்." மாமனுக்கு அவளைவிடப் பதினாறு வயது அதிகம். அவளே அதைச் சொல்லிவிட்டு, ஏதோ பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி சிரித்தாள். அவள் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள், முன்பல் ஒன்று உடைந்திருந்தது.

ரிசல்ட் வந்த அன்று மையத்தில் நிற்க இடமில்லை. அமுலு கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு நேராக வந்தாள், தலையில் பிளாஸ்டிக் தொப்பி போட்ட தடம் நெற்றியில் அப்படியே இருந்தது. எல்லோரும் போகட்டும் என்று கடைசி வரை நின்றாள். அவள் முறை வந்தபோது கரண்ட் போய்விட்டது. யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தது, இன்னும் ஐந்து நிமிடம்தான் தாங்கும். நான் அவசர அவசரமாக அவள் ஹால் டிக்கெட்டைப் பார்த்து நம்பரை அடித்தேன். பக்கம் மெதுவாக இறங்கியது. நான் நேராகக் கீழே போய்விட்டேன், மார்க் கீழேதானே இருக்கும். கணக்கு, பன்னிரண்டு. ஃபெயில்.

"போச்சு அமுலு" என்றேன்.

"எத்தினிக்கா?"

"பன்னெண்டு."

அவள் நம்பவில்லை. "பன்னெண்டா? நல்லா பாருக்கா. நான் ஒயுங்காதான் எழுதினேன். ஜாமெட்ரி, கிராஃபு ரெண்டும் முழுசா போட்டேன்க்கா."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது அமுலு" என்றேன்.

இதை நான் எரிச்சலாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னேன், அவள் தோளில் கைகூட வைத்தேன். அவள் தலையாட்டினாள். ஸ்கிரீனை ஒரு தடவை பார்த்தாள், அது அணைந்து போயிருந்தது. ஹால் டிக்கெட்டை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் நான்கு மணிக்குக் கரண்ட் வந்தது. மறுநாள் பெரிய விருந்தாளிகள் மையத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அதனால் ரிஜிஸ்டரைச் சுத்தமாக எழுதிவைக்க உட்கார்ந்தேன். ஹால் டிக்கெட்டில் கடைசி இரண்டு எண் மூன்று, ஆறு. நம்பர் பெட்டியைத் தொட்டதும் நான் முன்பு அடித்தது வந்து நின்றது: ஆறு, மூன்று. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். சரியான நம்பரைப் போட்டேன். மு. அமுலு. கணக்கு, நாற்பத்தொன்று. பாஸ். அப்புறம் முதலில் அடித்த நம்பரைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மேலே, முதல் வரியில், ஒரு பையனின் பெயர் இருந்தது. பையன் பெயர்! அவ்வளவு பெரிய எழுத்தில் இருந்ததை நான் பார்க்கவில்லை. அந்தப் பெயரை வாய்விட்டு ஒரு தடவை படித்திருந்தால் போதும்.

உடனே ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நம்பு. ஏரிக்கரையில் காலனிக்குப் பிரிகிற பாதை வரைக்கும் போனேன். அங்கே நிறுவனத்து ஆள் பைக்கில் எதிரே வந்தார். "மேடம், நாளைக்கி ஒம்போது மணிக்கே வந்துருவாங்க. வெளிநாட்டுக்காரங்க ரெண்டு பேரு. இங்க நல்லபடியா நடந்தா இன்னும் பத்து ஊருக்கு மையம் வருது. நீங்க பேசணும், எழுதி வெச்சிக்கினீங்களா?" என்றார். அப்போதே எனக்கு எல்லாம் ஓடியது. இப்போது போய்ச் சொன்னால் கன்னியம்மா கத்துவாள். காலனியே மையத்துக்கு வந்து நிற்கும், விடிந்தால் ஊர் முழுக்கத் தெரியும், விருந்தாளிகள் காதிலும் விழும். என் நாற்காலிக்கு ஆசைப்பட்டவர்கள் குழுவிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். நாளை மத்தியானம், அவர்கள் போனதும் சொல்லிக்கொள்ளலாம், ஒரு ராத்திரியில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும், மறைத்து என்ன. அந்தப் பாதையில் நான் அதுவரை நடந்ததே இல்லை. கல்யாணமாகி வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது, காலனி எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. திரும்புவதற்கு அதுவும் ஒரு சாக்காக இருந்தது. திரும்பிவிட்டேன்.

மறுநாள் எனக்கு மாலை போட்டார்கள். மைக்கில் பேசினேன். "முன்னெல்லாம் ஒரு தகவலுக்காக நாங்க ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சோம். இப்போ தகவல் எங்க ஊட்டு வாசலுக்கு வருது" என்றேன். கை தட்டினார்கள். நீ உன் அப்பா தோளில் உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டினாய். அப்போது எடுத்ததுதான் அந்தப் போட்டோ. ஞாபகம் இருக்கிறதா, அதில் என் கை முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருக்கும். உள்ளே ஹால் டிக்கெட் இருக்கிறது. இனி அந்தப் படம் சுவருக்கு வராது, உனக்கும் அனுப்ப மாட்டேன். வேண்டுமானால் நீ எனக்கு உப்புமா கிண்டிக் கொடுத்தாயே, போன தீபாவளிக்கு, அந்தப் படத்தை மாட்டிக்கொள்.

மத்தியானம் கார்கள் போனதும் காலனிக்குப் போனேன். கன்னியம்மா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். என்னை அங்கே பார்த்ததும் பதறி எழுந்து, உட்கார வைக்க எதைத் தேடுவது என்று தெரியாமல் நின்றாள். "அமுலுவா? கம்பெனிக்குப் போய்க்கீதும்மா. காலீலயே பூட்ச்சி, நாஷ்டாகூடத் துன்னல" என்றாள். அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் முதலில் அமுலுவிடம் சொல்ல வேண்டும், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவள் வந்தால் மையத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவள் வரவில்லை. கம்பெனிக்கும் போகவில்லை. எங்கள் விழா நடந்துகொண்டிருந்த நேரத்தில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அவளைப் பார்த்ததாகப் பூ விற்கிறவள் சொன்னாள். சென்னைப் பக்கம் போகிற வண்டியா, சூளூர்ப்பேட்டைப் பக்கம் போகிற வண்டியா, எதில் ஏறினாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் அமுலுவைப் பற்றி இன்று வரை யாருக்கும் எதுவும் தெரியாது. தண்டவாளம், கிணறு, ஏரி, எல்லாம் தேடினார்கள். அங்கெல்லாம் அவள் உடல் கிடைக்காததற்கு எல்லோரும் சாமியைக் கும்பிட்டார்கள். போலீஸ்காரர் மையத்துக்கு வந்து, "ரிசல்ட்டு சொன்னது நீங்கதானே? இன்னா சொன்னீங்க?" என்று கேட்டார். "ஃபெயில்னு சொன்னேன்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். தேர்வில் தோல்வி. நான் சொன்ன வார்த்தையில் பொய் இல்லை, கவனி. இத்தனை வருடமாக அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் குடியிருந்தேன். தனித்தேர்வர் மார்க் ஷீட்டைப் பரீட்சை எழுதிய பள்ளிக்குப் போய் அவரவரே வாங்க வேண்டும். ஃபெயிலானவளுக்காக யார் போய்க் கேட்பார்கள்? அவள் பாஸ் என்பது இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அவர் சாகிற வாரத்தில், "உனுக்கு எதுனா மனசுல கீதா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அதற்கப்புறம் நான் எப்படி இருந்தேன் என்று நீ பார்த்துத்தான் வளர்ந்தாய், காரணம் தெரியாமல். உன் ஒவ்வொரு ஃபாரத்தையும் மூன்று தடவை படித்தேன் என்று கேலி செய்வாய். மையத்தில் யார் வந்தாலும் பெயரைச் சத்தமாகப் படித்து, "நீதானே?" என்று கேட்ட பிறகுதான் அடுத்ததைச் சொல்வேன். ஜனங்கள் அதை என் கிறுக்கு என்று பழகிக்கொண்டார்கள். கம்ப்யூட்டரில் புதிதாக எது வந்தாலும், வாக்காளர் பட்டியலோ வேறு எதுவோ, நான் முதலில் தேடுவது அவள் பெயரைத்தான். அமுலு என்று எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியுமா? வள்ளூரில் ஒருத்தி, தேர்வாய் கண்டிகையில் இரண்டு பேர். யாருக்கும் அப்பா பெயர் ஒத்துப்போகவில்லை. நீ காலேஜில் சேர்ந்த வருடம், மீஞ்சூர் ஸ்டேஷனில் ஒரு பெண் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். நான் ஏற வேண்டிய வண்டியை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே மார்க்கெட் வரை போனேன். கடைசியில் அவள் திரும்பி, "இன்னாம்மா வோணும் உனுக்கு? அப்போலேர்ந்து பின்னாலயே வந்துக்கினு கீற" என்று கேட்டாள். பல் எல்லாம் ஒழுங்காக இருந்தது. நடு ரோட்டில் நின்று, "நீ பாஸும்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். பைத்தியம் என்று நினைத்து வேகமாகப் போய்விட்டாள். அன்றைக்கு உனக்கு ஹாஸ்டலுக்கு முறுக்கு கொண்டுவருவதாகச் சொல்லி வராமல் போனேனே, அதுதான் காரணம்.

கன்னியம்மா ஒவ்வொரு வருடமும் மையத்துக்கு வருவாள். ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை நீட்டி, "எங்க கீதுன்னு பாத்துச் சொல்லும்மா. ஒலகமே இதுல தெரியுதாமே" என்பாள். என்னைவிடப் பெரியவள், என்னை அம்மா என்று கூப்பிடுவாள், நானும் விட்டுவிட்டேன். அவள் நிற்பாள், நான் உட்கார்ந்துகொண்டு தட்டுவேன். பிறகு "இல்ல கன்னிம்மா" என்பேன். போய்விடுவாள். ஒரு தடவைகூட அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

உன் வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. அது நல்ல வேலை, ஜனங்களுக்கு வேண்டியது. ஆனால் உன் போன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு போகிறவன் திரும்பி வந்து, "நீ தப்பாச் சொன்னே" என்று சொல்ல ஒரு வழி வை. அவன் வரவில்லை என்றால் நீ அவனைத் தேடிப் போகிற வழியும் வை. தப்பு தெரிந்த அன்றைக்கே போ. யார் வருகிறார்கள், எத்தனை ஊருக்கு மையம் வரப் போகிறது என்றெல்லாம் பார்க்காதே. நல்லபடியா நடந்துகொண்டிருக்கிறதே என்கிற நினைப்புதான் என்னை ஏரிக்கரையிலிருந்து திருப்பி அனுப்பியது.

நீ போன நான்காம் நாள் கன்னியம்மா வந்தாள். இந்தத் தடவை போட்டோ இல்லை, கையில் ரேஷன் கார்டு. கார்டில் இருக்கிற எல்லோரும் வந்து ரேகை வைக்க வேண்டும், வைக்காதவர்கள் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். அமுலுவின் பெயர் எப்படியோ இத்தனை வருடம் அதில் தப்பி நின்றிருந்தது. "நீ கம்பூட்டர்ல எழுதும்மா. வந்துடுவா, பேரை எடுக்காதீங்கன்னு எழுது" என்றாள். வெளியே பெஞ்சில் நாலைந்து பெண்கள் காத்திருந்தார்கள். எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. கதவைக்கூடச் சாத்தவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நானும் எழுந்து நின்று சொன்னேன். நம்பரை மாற்றி அடித்தது, நாலு மணிக்குத் தெரிந்தது, பாதி வழி வந்து திரும்பியது, மாலை, எல்லாம். அடிப்பாள் என்று நினைத்தேன், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்போ பாஸா?" என்றாள்.

"பாஸு."

"கணக்குலயா?"

"கணக்குலதான். நாப்பத்தொண்ணு."

"இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். அவள் கதவு வரைக்கும் போய், பெஞ்சில் இருந்த பெண்களிடம், "எம் பொண்ணு பாஸும்மா. கணக்குல நாப்பத்தொண்ணு" என்றாள். இன்றைக்குக் காலையில் ரிசல்ட் வந்ததுபோல் சொன்னாள், முகம் அப்படி மலர்ந்திருந்தது. அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் விழிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு மெல்ல மெல்ல முகம் மாறியது. உள்ளே வந்தாள். அந்த மையத்தில் முதல் தடவையாக, நான் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை.

"நீ எங்கிட்ட சொல்லிட்ட" என்றாள். "அவளுக்கு யாரு சொல்றது?"

  பிறகு ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அம்மா